இரண்டாவது விசில்

அன்புள்ள நண்பருக்கு,

இன்று ஐப்பசி இருபத்திரண்டாம் தேதி, சனிக்கிழமை. காலையில் மருமகள் என் சட்டையை வாஷிங் மெஷினில் போட்டுவிட்டாள். பையில் உங்கள் விசில் இருப்பதைச் சொல்ல மறந்திருந்தேன். கொடியில் உலர்த்தும்போதுதான் அது தரையில் விழுந்து ஓசை எழுப்பியது. "மாமா, நீங்க எந்த பஸ்ஸுக்குக் கண்டக்டரு?" என்று சிரித்துக்கொண்டே கொண்டுவந்து தந்தாள். வாங்கி முகர்ந்து பார்த்தேன். சோப்புத்தூள் மணம்தான் வந்தது. பணிக்காலம் முழுவதும் உங்கள் உதட்டிலிருந்து அந்த எஃகில் ஏறியிருந்த வெற்றிலை வாசம் ஒரே சலவையில் போய்விட்டது. அவளைக் கடிந்துகொள்ள வாயெடுத்தேன். என்னவென்று கடிந்துகொள்வது? விசிலை ஜன்னல் வெயிலில் வைத்துவிட்டு அதன் அருகிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

நீங்கள் கந்தர்வக்கோட்டை வழித்தடத்தில் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் புதுக்கோட்டையில் அரசாங்கக் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவன். இருவரும் இந்தக் குளக்கரை ஊருக்கு வந்து ஒதுங்கினோம். நடக்கச் சொன்னவர் மருத்துவர். சேர்ந்து நடக்கலாம் என்றவர் நீங்கள். ஒரு தை மாதம், பொங்கல் கழிந்த மறுவாரத் திங்கட்கிழமை, கலிங்கின் மேல் நின்று நாம் நமது முதல் சண்டையைப் போட்டோம். 'ஏதோ ஒரு நாள் சார்' என்றுதான் நீங்கள் அதைப் பிறரிடம் சொல்வீர்கள். அது திங்கட்கிழமை.

குளத்தை எந்தப் பக்கமாகச் சுற்றுவது என்பதே வழக்கு. உபரி நீர் வழிந்தோடும் அந்தக் கலிங்கிலிருந்து இரண்டு வழிகள் பிரிகின்றன. மேற்கே செல்லும் ஒற்றையடிப் பாதை தைலமரக் காட்டுக்குள் நுழைந்து, அப்பால் காரையும் உசிலையும் அடர்ந்த பழங்காட்டைக் கடக்கும். கிழக்கே அகன்ற கரை, பனைகளுக்கு நடுவே திறந்த வெளியில் போகும். இரண்டும் வடகோடியில், பாதிக் கூரை சரிந்து கிடக்கும் கல் மண்டபத்தில் சேரும். மேடும் பள்ளமும் இல்லாத, முதியவர் கால்களுக்கு இணக்கமான வழிகள்.

"வலமாத்தாங்க போகணும்" என்றேன். "அந்த மண்டபத்துல ஒரு காலத்துல சாமி இருந்திருக்கு. இடமாச் சுத்துறது சாவுக் காரியத்துக்கு."

"சாமியே மண்டபத்த விட்டு எப்பவோ எறங்கிப் போயிருச்சே சார்! வெயில் ஏறுறதுக்குள்ள கரையத் தாண்டிரணும். அப்புறம் காட்டு நெழல்ல ஆற அமர வரலாம். ஆவூர்ல பொறந்தவன்ட்ட வந்து வலம் இடம்ன்னுக்கிட்டு! எங்க மாதா கோயில் சப்பரம் தெரு எங்கிட்டு இருக்கோ அங்கிட்டுப் போகும்."

நான் இறங்கி வரவில்லை. நீங்களும் வரவில்லை. கடைசியில் நீங்கள்தான் தீர்ப்புச் சொன்னீர்கள்: "நீங்க அங்கிட்டுப் போங்க, நான் இங்கிட்டு வாரேன். ரூட்டு வேற வேற, டெர்மினஸ் ஒண்ணுதான்."

சேர்ந்து நடப்பதற்காகவே புறப்பட்ட நாம் அன்றிலிருந்து ஒரு நாளும் சேர்ந்து நடந்ததில்லை. கலிங்கில் பிரிந்து, மண்டபத்தில் சந்தித்து, அங்கே பிளாஸ்க்கிலிருந்த சுக்குக் காப்பியைக் குடித்துவிட்டு, மறுபடியும் பிரிந்து, கலிங்கில் சந்தித்தோம். நமக்குள் பேச்சு வார்த்தை இல்லை என்றே ஊரார் சில காலம் நினைத்திருந்தார்கள்.

விசில் அதற்குப் பிறகு வந்தது. மண்டபத்திற்கு ஒருவர் முந்தி வந்து மற்றவருக்காகக் காத்திருப்பது உங்களுக்குப் பிடிக்கவில்லை. பேருந்துச் சட்டத்தையே குளத்துக்கும் கொண்டுவந்தீர்கள். ஒரு விசில் என்றால் நிறுத்தம்: நீங்கள் கரையில் உட்கார்ந்துவிட்டீர்கள், நானும் காட்டில் எங்கே இருக்கிறேனோ அங்கே நிற்க வேண்டும். இரண்டு விசில் என்றால் புறப்பாடு. தண்ணீரின் மேல் அந்த ஒலி தெளிவாக வரும். கரைச் சரிவில் ஆடு மேய்க்கும் செல்லம்மா அதைக் கேட்டுத் திட்டாத நாளில்லை. "யோவ் கண்டக்டரே, ஒம் பஸ்ஸுல ஏறவா எங் குட்டியெல்லாம் ஓடுது?" என்பாள். "ஆட்டுக்கு அர டிக்கெட்டு ஆத்தா, ஏத்தி விடு" என்பீர்கள். உங்கள் குரலும் அவள் சிரிப்பும்கூட நீரைத் தாண்டி எனக்குக் கேட்கும்.

மண்டபத்தில் நான் ஒரு கல்லைப் படிக்க முயன்றுகொண்டே இருந்தது உங்களுக்கு ஓயாத வேடிக்கை. தூண் சரிந்தபோது உடைந்த கல்வெட்டு அது. 'யாண்டு' என்ற சொல் இருக்கிறது. எத்தனையாவது ஆண்டு என்று சொல்ல வேண்டிய இடத்தில் கல் இல்லை. மிச்சத் துண்டைப் புல்லுக்குள்ளும் நீரோரத்திலும் தேடினேன், கிடைக்கவில்லை. "கட்டுனவனுக்கே தேதி மறந்து போயிருக்கும் சார். உங்கள மாதிரி ஒரு ஆளு அவன் பக்கத்துல இருந்திருக்க மாட்டாரு, பாவம்" என்றீர்கள். இப்போது கூரையில் முளைத்த அரசமரம் இன்னொரு உத்தரத்தையும் பிளந்திருக்கிறது. பார்த்துக்கொண்டு நிற்பதைத் தவிர அதற்கு நான் செய்யக்கூடியது எதுவுமில்லை.

சென்ற ஆண்டு கார்த்திகை பதினோராம் தேதி, செவ்வாய்க்கிழமை. அடைமழை நின்று இரண்டாம் நாள். குளம் நிறைந்து கலிங்கு வழிந்துகொண்டிருந்தது. கணுக்கால் நீரில் நின்றபடி, "பாத்துப் போங்க சார், காட்டுக்குள்ள வழுக்கும்" என்று எனக்குத்தான் எச்சரிக்கை சொன்னீர்கள்.

பழங்காட்டுக்குள் மரங்கள் விலகி நீர் தெரியும் ஓர் இடம் உண்டு. அங்கே வந்தபோது ஒரு விசில் கேட்டது. நின்றேன். எதிர்க்கரையில், மடையின் இரட்டைக் கல் தூண்களுக்கு அருகில், நீங்கள் உட்கார்ந்திருந்தீர்கள். உங்களுக்குப் பின்னால் சூரியன். உங்கள் உருவம் மட்டும் கறுப்பாகத் தெரிந்தது. இரண்டு விசிலுக்காக நின்றேன். அதுதானே நம் ஏற்பாடு. அது வரவில்லை. உட்கார்ந்திருந்த உருவம் மெல்லப் பக்கவாட்டில் சாய்ந்தது. அப்போது செல்லம்மாவின் குரல்: "சாரே! ஓடியாங்க சாரே! கண்டக்டரு விழுந்துட்டாரு!"

ஓடி வா என்றால் எந்தப் பக்கம்? இப்படியும் அப்படியும் ஒரே தொலைவு. நடுவில் நீர் தளும்பி நின்றது. எனக்கு நீந்தத் தெரியாது. என் வலது முழங்கால் உங்களுக்குத் தெரியும். வழக்கமான வழியிலேயே போனேன். மண்டபத்தைக் கடந்தபோது, நாம் உட்கார்ந்து காப்பி குடிக்கும் கல்லின் மேல் பிளாஸ்க்கைப் போட்டுவிட்டு நடந்தேன். நடை என்று அதைச் சொல்ல முடியாது. ஓட்டம் என்றும் சொல்ல முடியாது. நீங்கள் கண்ணெதிரே இருந்தீர்கள். நெருங்கவே இல்லை.

நான் வந்து சேர்ந்தபோது செல்லம்மா உங்கள் தலையை மடியில் வைத்து முந்தானையால் விசிறிக்கொண்டிருந்தாள். அவள் கூப்பிட்ட குரலுக்கு வயலிலிருந்து ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். ஆம்புலன்ஸுக்குச் சொல்லியாயிற்று என்றார்கள்; சேறாக இருப்பதால் கரைமேல் ஏறாது, தூக்கித்தான் போக வேண்டும் என்றார்கள். உங்கள் நெற்றி வேர்த்திருந்தது. என்னைப் பார்த்ததும், "என்ன சார், இன்னிக்கு லேட்டு" என்றீர்கள்.

"பேசாதீங்க."

"ரெண்டு விசில் குடுக்க மூச்சு வரல சார்." கையிலிருந்த விசிலை என் பக்கம் நகர்த்தினீர்கள். "நீங்க குடுங்க. வண்டி கெளம்பட்டும்."

என் வாழ்நாளில் நான் விசில் ஊதியதில்லை. வாயில் வைத்து ஊதினேன். வெறும் காற்றுதான் வந்தது. மறுபடியும் ஊதினேன். உதடு நடுங்கியதில் அந்தக் காற்றும் பக்கவாட்டில் போயிற்று. நீங்கள் சிரித்தீர்கள். "காத்துதான் வருது" என்று செல்லம்மாவிடம் சொன்னீர்கள். அதற்குப் பிறகு நீங்கள் எதுவும் பேசி நான் கேட்கவில்லை.

நாலு பேர் உங்களைத் தூக்கிப் போனார்கள். வண்டியில் உங்கள் கால்மாட்டில் உட்கார்ந்து வந்தேன். கந்தர்வக்கோட்டை போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. எந்த இடத்தில் முடிந்தது? கரையிலா, முந்திரித் தோப்பைத் தாண்டும்போதா, ஆஸ்பத்திரி வாசலிலா? மண்டபத்துக் கல்லில் ஒரு மன்னனின் ஆண்டைத் தேடியவன், என் பக்கத்தில் இருந்தவர் போன நேரத்தை அறியாமல் உட்கார்ந்திருந்தேன். மருத்துவரிடம் கேட்டேன். உத்தேசமாக ஒன்று சொன்னார். உத்தேசத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

பதினாறாம் நாள் உங்கள் வீட்டம்மாவைப் பார்க்கப் போயிருந்தேன். விசிலைத் திருப்பிக் கொடுத்தபோது அவர் வாங்கவில்லை. "உங்கள்ட்டயே இருக்கட்டும்ண்ணே. நான் வச்சுக்கிட்டு எந்த வண்டிய நிறுத்தப் போறேன்" என்றார்.

தை பிறந்த பிறகு மறுபடியும் நடக்கத் தொடங்கினேன். வலமாகத்தான். காடு வழியே மண்டபம்வரை வந்தேன். அதற்கு மேல் கரையில் கால் வைக்க முடியவில்லை. மடைத் தூண்கள் அங்கிருந்தே தெரிகின்றன. மறுநாள் முயன்றேன். அதற்கு மறுநாளும். இன்றுவரை முடியவில்லை, இனி முடியும் என்றும் தோன்றவில்லை. அதனால் மண்டபத்திலிருந்து வந்த வழியே திரும்பிவிடுகிறேன். திரும்பும்போது குளம் என் இடக்கைப் பக்கம் இருக்கிறது. எந்தத் திசையில் நடக்க மாட்டேன் என்று முதல் நாள் அடம்பிடித்தேனோ, அந்தத் திசையில்தான் தினமும் பாதி வழி நடக்கிறேன். காட்டு நிழலில், ஆற அமர. உங்கள் யோசனை நல்ல யோசனைதான்.

இன்று மாலை, விசில் உலர்ந்ததும், சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனேன். குளம் பாதி நிறைந்திருக்கிறது. மண்டபத்தில் உட்கார்ந்து அதை வாயில் வைத்தேன். சலவையில் அதன் உள்ளே இருக்கும் தக்கை உருண்டை ஊறிப்போயிருக்கும் என்று பயந்திருந்தேன். ஊதியதும் நீளமாக, தெளிவாக ஒரு விசில் எழுந்து தண்ணீரைத் தாண்டிப் போயிற்று. கரைச் சரிவில் ஆடுகள் எல்லாம் தலை தூக்கின. செல்லம்மாவும் நிமிர்ந்து, கைகளை வாயருகே குவித்துக் கூவினாள்:

"இன்னொன்னு ஊதுங்க சாரே!"

பேருந்தில் போய்வந்த எல்லோருக்கும் தெரியும், ஒன்றோடு விடக்கூடாது என்பது. மூச்சு இருந்தது. உதடும் நடுங்கவில்லை. மறுபடியும் வாய்வரை கொண்டுபோனேன். ஊத முடியவில்லை. ஊதிவிட்டால் வண்டி கிளம்பிவிடும்.

விசிலைப் பையில் வைத்துக்கொண்டு, குளம் இடக்கைப் பக்கம் வரத் திரும்பி நடந்தேன். அவள் இன்னும் கூவிக்கொண்டிருந்தாள்.

தங்கள்,
வலமாகப் போனவன்