நான் வராத சனிக்கிழமை

நேற்று காலை வகுப்பறையைத் திறந்ததும் எலுமிச்சை வாசனை மூக்கில் ஏறியது. தரை துடைக்கப் புதிதாக வாங்கிய மருந்து. துப்புரவுக்கு வரும் அம்மா ஒரு மூடி ஊற்ற வேண்டிய இடத்தில் நான்கு மூடி ஊற்றிவிட்டார். உங்கள் கையில் எப்போதும் இருந்த வாசனை அது. சிறுசேரியில் ஒரு கம்பெனியின் மூன்று மாடிகளைத் துடைத்துவிட்டு வேனில் வந்து இறங்குவீர்கள். எத்தனை முறை சோப்புப் போட்டாலும் போக மாட்டேன் என்கிறது என்று சொல்லிச் சிரிப்பீர்கள்.

நாம் முதலில் பேசியது சண்டையில். உங்கள் மகள் அப்போது நான்காம் வகுப்பு. செவ்வாய்க்கிழமை உங்களுக்கு வார விடுமுறை. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நேராக என் மேசைக்கு வந்தீர்கள்.

"டீச்சர், நாலாவது படிக்குது எம்பொண்ணு. பஸ் போர்டப் படிக்கச் சொன்னா முழிக்குது. இன்னாதான் சொல்லிக் குடுக்குறீங்க நீங்க?"

அன்று எனக்கு ஏற்கெனவே தலைவலி. இரண்டு ஆசிரியர்கள் பார்க்க வேண்டிய பள்ளியில் பாதி நாள் நான் தனியாகத்தான் இருப்பேன். மூன்று வகுப்பை ஒரே அறையில் வைத்துக்கொண்டு, நடுவில் செல்போனில் வருகைக் கணக்கு, சாப்பாட்டுக் கணக்கு கேட்கிற அதிகாரிகளுக்கும் பதில் அனுப்ப வேண்டும். நானும் விடவில்லை. "வீட்டுல ஒரு நாளாவது புத்தகத்தைத் திறன்னு யாராவது சொல்றீங்களா?"

"வூட்ல யாரு கீறாங்க சொல்றதுக்கு? நான் வர்றதுக்குள்ள அது தூங்கிப் பூடுது."

பிள்ளைகள் எழுதுவதை நிறுத்திவிட்டு நம்மையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நீங்கள்தான் முதலில் இறங்கி வந்தீர்கள்.

"சரி டீச்சர். இஸ்கூல் வுட்டப்புறம் ஒரு மணி நேரம் புள்ளைங்கள இங்கியே நிறுத்துங்க. அம்மாக்காரிங்க நாங்க ஆளுக்கொரு நாள் வந்து உக்காந்துக்கிறோம்."

"உங்களுக்குப் படிக்கத் தெரியுமா?" என்று கேட்டேன். கேட்ட விதம் சரியில்லை என்று இப்போது தெரிகிறது.

"படிக்கத் தெரியாது. உக்காரத் தெரியும்."

ஒரு மாதம் தாங்காது என்று நினைத்தேன். அடுத்த செவ்வாய்க்கிழமையே தாழ்வாரத்தில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தீர்கள். ஒவ்வொரு பிள்ளையாக உங்கள் முன்னால் நின்று பாடத்தைச் சத்தமாக வாசிக்க வேண்டும். தெரியாத சொல்லைத் தாண்டிப் போகிற பிள்ளையை நீங்கள் விட்டதில்லை. "இரு, இரு. ஆத்தாண்ட நின்னுகினு இருந்தவன் எப்பிடி மரத்து மேல போனான்? நடுவுல இன்னாத்தயோ முழுங்கிட்ட. மறுபடி சொல்லு." எழுத்து தெரியாத உங்களிடம் பிள்ளைகளால் ஏமாற்ற முடியவில்லை. கதை உங்களுக்குப் புரிய வேண்டும், அவ்வளவுதான். பதினைந்து வருடம் பாடம் நடத்திய எனக்கு அது தோன்றவே இல்லை.

எல்லாம் ஒழுங்காக நடந்தது என்று எழுதினால் நீங்களே சிரிப்பீர்கள். நூறு நாள் வேலை வந்தால் அம்மாக்கள் வர மாட்டார்கள். கல்யாணம், காய்ச்சல், மழை என்று பாதி நாள் போய்விடும். அப்பாக்களை வரவழைக்க உங்களாலும் முடியவில்லை. ஆனாலும் ஏதோ நடந்தது. உங்கள் மகள் பஸ் போர்டு படித்த மறுநாள், கம்பெனி வேனிலிருந்து எனக்குப் போன் செய்து, "மாமல்லபுரம்னு முழுசா படிச்சிச்சி டீச்சர்" என்று கத்தினீர்கள்.

இனி அந்தப் பெண்ணைப் பற்றி எழுதியாக வேண்டும். ஐந்தாம் வகுப்பில் படித்தாளே, வாசிக்கும்போது ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு குரல் வைத்துப் பேசுவாளே, அவள். திடீரென்று வராமல் போனாள். அம்மா படூரில் கட்டட வேலைக்குப் போக, கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள அவளை வீட்டில் நிறுத்திவிட்டார்கள். செய்தி கொண்டுவந்தது நீங்கள்தான்.

"சனிக்கெழம ரெண்டு பேரும் போயி பேசலாம் டீச்சர். நான் லீவு சொல்லிட்டேன்."

எனக்குச் செங்கல்பட்டில் பயிற்சிக் கூட்டம் இருப்பதாகச் சொன்னேன். பொய் இல்லை. ஆனால் கூட்டம் மதியத்தோடு முடிந்துவிட்டது. பஸ் ஏறினால் மூன்று மணிக்கு ஊருக்கு வந்திருக்கலாம். நான் வீட்டுக்குப் போனேன். சாப்பிட்டுவிட்டுப் படுத்துத் தூங்கினேன். அலுப்பு, வேறு காரணம் ஒன்றும் இல்லை. இதை உங்களிடம் நான் சொன்னதே இல்லை.

நீங்கள் தனியாகப் போனீர்கள். அவள் அப்பா உங்களை உள்ளேகூட விடவில்லையாம். "ஒன் வேலயப் பாத்துகினு போ" என்று எல்லார் முன்னாலும் சொன்னாராம். செவ்வாய்க்கிழமை இதைச் சொல்லிவிட்டு, "நீங்க வந்திருந்தா கதவாச்சும் தொறந்திருப்பாங்க" என்றீர்கள். குரலில் கோபம் இல்லை. இன்னொரு நாள் போகலாம் என்று சொன்னேன். அரையாண்டுத் தேர்வு வந்தது. பிறகு வேறு ஏதோ வந்தது.

அடுத்த வருடம் உங்களுக்கு உடம்பு முடியாமல் போனது. மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் நான் வந்து பார்த்தபோது முகம் பாதியாகியிருந்தது. நான் கொண்டுவந்த ஆரஞ்சுப் பழத்தை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு நீங்கள் கேட்டது ஒன்றே ஒன்று. "இன்னிக்கு செவ்வாக்கெழம ஆச்சே, யாரு டீச்சர் உக்காந்துகினு கீறாங்க?"

யாரும் இல்லை. ஆள் ஏற்பாடு செய்திருப்பதாகச் சொன்னேன். அது பொய்தான். பத்து நாளில் நீங்கள் போய்விட்டீர்கள்.

உங்கள் மகள் இப்போது பதினோராம் வகுப்பு. சித்தி வீட்டில் இருக்கிறாள். போன மாதம் அவளுடைய பள்ளியில் நடந்த பெற்றோர் கூட்டத்துக்கு, சித்திக்கு வேலை என்று, நான் போய் உட்கார்ந்தேன். கணக்கில் சுமார், தமிழில் நன்றாக வாங்குகிறாள். பெற்றோர் கையெழுத்து என்று போட்டிருந்த இடத்தில் என்னைப் போடச் சொன்னாள். போட்டேன்.

இந்தக் கடிதத்தை எழுத வைத்தது வாசனை மட்டும் இல்லை. போன வாரம் பிள்ளைகளை மாமல்லபுரத்துக்கு அழைத்துப் போனோம். கடற்கரைக்கு இறங்கும் வழியில் சிப்பி மாலை விற்கும் கடையிலிருந்து "டீச்சர்!" என்று ஒரு குரல். அவள்தான், ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு குரல் வைத்து வாசித்தவள். வளர்ந்துவிட்டாள், இடுப்பில் சில்லறைப் பை. வெளிநாட்டுக்காரர் ஒருவரிடம் விலை பேசி அனுப்பிவிட்டு என்னிடம் வந்தாள். உங்களைப் பற்றிக் கேட்டாள். சொன்னேன். மாலைகளைச் சரிசெய்வதுபோலக் கொஞ்ச நேரம் திரும்பி நின்றுகொண்டாள்.

"அந்தக்கா வந்தப்ப நான் வூட்டுக்குள்ளதான் டீச்சர் இருந்தேன். கதவுக்குப் பின்னாடி. அப்பா அந்த மாதிரி பேசியும் அவங்க போவல. 'டீச்சர் வருவாங்க, அவங்க வந்து பேசுவாங்க'ன்னு சொல்லிட்டுத்தான் போனாங்க. நான் ஒரு வாரம் யூனிபாரம தொவச்சி வச்சினு இருந்தேன்."

குறை சொல்லும் குரல் இல்லை. யாரோ ஒருத்தியைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னாள். பிள்ளைகள் ஐஸ் கேட்டு என் கையை இழுத்தார்கள்.

என் பேரில் ஒரு வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறீர்கள். அதை என்னிடம் சொல்லவில்லை. சொன்னால் எனக்குச் சங்கடமாக இருக்கும் என்று விட்டுவிட்டீர்களா, நானே வருவேன் என்று நம்பினீர்களா, இனி யாரிடம் கேட்பது?

அவளிடம் எட்டாம் வகுப்புத் தேர்வைத் தனித்தேர்வாக எழுதுவது பற்றிச் சொன்னேன். "பாக்கலாம் டீச்சர்" என்றாள். பாக்கலாம் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். ஆனாலும் கடையின் வார விடுமுறை எந்த நாள் என்று கேட்டு வைத்துக்கொண்டேன். புதன்கிழமையாம். நாளை புதன். பள்ளி விட்டதும் மாமல்லபுரம் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். முதுகு வலிக்கிறது, போய் என்ன ஆகப்போகிறது என்றும் இருக்கிறது. இருந்தாலும் அவள் இப்போது இருக்கும் வீடு எந்தத் தெருவில் என்று விசாரித்துவிட்டேன்.