செல்லமுத்து வச்ச ஸ்டேட்டஸ்

திருச்செங்கோடு

கண்ணு இளவழகனுக்கு அம்மா எழுதறது. இங்க நானும் அப்பாவும் சொகந்தான், ராய்ப்பூர்ல நீயும் நம்ம போர்வெல் வண்டியும் அதுல வேல செய்யற பசங்களும் நல்லா இருக்கோணும்னு மலைக்குப் போய்க் கும்புட்டுட்டு வந்தேன். போன்ல பேசலாம்னா கஸ்டமர் வர்றாருன்னு பாதியில வச்சிடற, அதான் வண்டிக்கு ஸ்பேர் பார்ட்ஸ் எடுத்துட்டு வர்ற ரங்கன்கிட்ட இதக் குடுத்தனுப்பறேன்.

ட்ரில்லர் செல்லமுத்துவ வேலைய விட்டு நிறுத்திட்டயாமா. அவன் பொண்டாட்டி கோகிலவாணி ஊட்டுக்கே வந்து அழுவுது, ஏழு மாசம் வேற. எண்ணூறு அடி ஓட்டியும் தண்ணி வராம வெறும் புழுதிப் புகை பறந்தத வீடியோ புடிச்சு, இன்னிக்கும் புகைதான் சாமினு ஸ்டேட்டஸ்ல வச்சானாமா, வண்டிப் பேரு தெரிஞ்சுதாமா, வேல புடிச்சுக் குடுக்கற ஏஜெண்டு பாத்துட்டு ராசியில்லாத வண்டினு அடுத்து போர் போடற பாயிண்ட வேறவனுக்குக் குடுத்துட்டானாமா. இருக்கட்டும். வண்டிப் பசங்க அத்தன பேரும் இருக்கற வாட்ஸப் குரூப்புல இனி வராதேனு போட்டயே, கூப்ட்டு ஒரு வார்த்த கேட்டயா? ஒம்பது வருசமா உன்ற வண்டியில புழுதி திங்கறவன். தண்ணி பீச்சி அடிச்சா மட்டும் அவன் எடுத்த வீடியோவ வாங்கி கம்பெனி பேஜ்ல போட்டுக்கறயல்ல, அப்ப இனிச்சது இப்பக் கசக்குதா? எதப் போடலாம் எதப் போடக்கூடாதுனு என்னிக்காச்சும் ஒக்கார வச்சுச் சொன்னயா? வண்டிப் பேரும் அடுத்தவங்க காடு தோட்டமும் தெரியறாப்ல போடாதீங்கனு நாலு வரி எழுதிக் கேபின்ல ஒட்டு. தப்புப் பண்ணுனா தனியாக் கூப்ட்டு அழிக்கச் சொல்லு. மத்தபடி அவன் பொண்டாட்டியோட நின்னு போட்டோப் போடறதும் கட்சிக்கொடி வெக்கறதும் அவன் பாடு, மொதலாளிக்கு அங்க என்ன சோலி?

இன்னொண்ணு, சொல்லவே நாக்குக் கூசுது. செல்லமுத்து ஸ்டேட்டஸ அவன் சொந்தபந்தம் இருவது பேருதான் பாத்திருப்பாங்க. எதுத்தூட்டுப் புள்ளய உட்டு அந்த வீடியோவ என்ற போன்ல எறக்கச் சொல்லி, நம்ம பசங்க படற பாட்டப் பாருங்கனு பங்காளிங்க குரூப்புல போட்டது நான்தான். அங்கிருந்துதான் சுத்திச் சுத்தி ஏஜெண்டுகிட்டப் போயிருக்குது. கோகிலவாணி அழுவறப்ப அதச் சொல்ல எனக்குத் தைரியம் வல்ல, காப்பி வச்சுக் குடுத்து அனுப்பிட்டேன். புத்தி கெட்டது நானு, பொழப்பு போனது அவனுக்கு.

நேரத்துக்குச் சாப்புடு, வெயில்ல துண்டு கட்டிக்க, நூறு வருசம் நல்லா இரு சாமி. செல்லமுத்து ஊருக்கு வர வெக்கப்பட்டுட்டு அங்கயே சிநேகிதன் ரூம்ல கெடக்கறானாமா, இதப் படிச்ச கையோட நேர்ல போய் மறுபடி வேலைக்குக் கூட்டிட்டு வா. அந்த வீடியோவப் பரப்புனது எங்கம்மானு அவன்கிட்டச் சொல்லீரு, நாளைக்கே கோகிலவாணி ஊட்டுக்குப் போய் நானும் சொல்லீர்றேன்.

இப்படிக்கு
உன்ற அம்மா ராசம்மாள்