கை நனைக்காத விருந்து

அன்பு மகனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உம்மா எழுதுவது. நான் நலம். மாமா வீட்டில் எல்லோரும் நலம். உன் நலத்துக்கு ஐந்து வேளையும் துஆ கேட்கிறேன். இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருப்பேன். ஆனால் நீ பாதிப் பேச்சில் கோபித்துக்கொண்டு போனை வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படிச் செய்ய முடியாது. கிழித்தாலும் படித்துவிட்டுத்தான் கிழிப்பாய், என் பிள்ளையை எனக்குத் தெரியும்.

நீ சொன்ன அந்த நர்ஸ் பெண்ணைப் பார்த்துவிட்டேன். ஒரே ஒரு தடவை பாருங்க உம்மா, பார்த்துட்டு நீங்க என்ன சொன்னாலும் கேட்டுக்கறேன் என்று போன மாதம் அழுதாயே, அந்த வார்த்தை நினைவில் இருக்கட்டும். பார்த்தேன். வேண்டாம். ஏன் என்று கேட்பாய். அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

வீட்டுக்கு வரச் சொல்லி அவர்கள் மூன்று முறை ஆளனுப்பினார்கள். பெண் வீட்டுக்குப் போனால் சாப்பிடாமல் எழுந்திருக்க விடமாட்டார்கள். அங்கே ஒருமுறை கை நனைத்துவிட்டால் சம்மதம் சொன்ன மாதிரி. பிறகு வேண்டாம் என்று சொல்ல வாயும் வராது, ஊரும் விடாது. அந்தப் பொறியில் நான் ஏன் போய்க் காலை வைக்கிறேன்? நல்ல வேளையாக மாமாவுக்கு அவர் கம்பெனியில் நோன்பு திறக்கும் விருந்துக்குச் சீட்டு கொடுத்தார்கள், ஒரு பெரிய ஹோட்டலில். ஏழு சீட்டு. அவர்களையும் அங்கேயே வரச் சொல்லிவிட்டேன். யார் வீடும் இல்லை, யார் உப்பும் இல்லை. பெண்ணைப் பார்த்த மாதிரியும் ஆச்சு, கை நனைக்காத மாதிரியும் ஆச்சு. உன் உம்மா அவ்வளவு ஏமாளி இல்லை.

அந்தக் கூடத்தை நீ பார்க்க வேண்டும். சுவர் ஓரமாக நீளமான மேஜை, அதில் வரிசையாக மூடி போட்ட வெள்ளிப் பாத்திரங்கள், ஒவ்வொன்றுக்கும் அடியில் சின்னதாக நெருப்பு. பஃபே என்கிறார்கள். நாமே தட்டை ஏந்திக்கொண்டு வரிசையில் நிற்க வேண்டும், அதற்கு இவ்வளவு அலங்காரம். மேடையில் ஒரு பெரிய திரை. நோன்பு திறக்க இன்னும் எத்தனை நிமிடம் என்று அதில் எண் இறங்கிக்கொண்டே வந்தது. இப்போதே தட்டில் எடுத்து வைத்துக்கொள்ளலாம் என்று மைக்கில் சொன்னதுதான் தாமதம், பகல் முழுக்கப் பொறுமையாக இருந்த ஜனம் அந்தக் கால் மணி நேரத்தில் இடித்த இடிக்கு அளவே இல்லை.

அவர்கள் மூன்று பேரும் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். அப்பன் தையல்காரர், அது உனக்கே தெரியும். தானே தைத்த சட்டையைப் போட்டு வந்திருந்தார். பாத்திரத்திலிருந்து எடுக்க வைத்திருந்த இடுக்கியை எப்படிப் பிடிப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. கத்தரிக்கோலைப் பிடிப்பது போல் விரலை விட ஓட்டை தேடினார். உன் மாமா மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன், மறைப்பானேன். சோறு, இறைச்சி, பழம், இனிப்பு எல்லாவற்றையும் ஒரே தட்டில் குவித்துக்கொண்டு வந்து என் முன்னால் வைத்தார். நீங்க அலைய வேணாம், நானே எடுத்தாந்துட்டேன் என்றார். அவர் கை பட்ட தட்டு. அதை விரல் நுனியால் மேஜையின் அந்தக் கோடிக்குத் தள்ளி வைத்தேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. சுருங்கினால் என்ன, இஸ்திரி போடத் தெரிந்தவர்தானே.

பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன். வேலை முடிந்து நேராக வந்தாளாம். கையில் ஒரு வளையல் கிடையாது. கேட்டால் ஆஸ்பத்திரியில் போடக்கூடாதாம். நகத்தை ஒட்ட வெட்டியிருக்கிறாள். பக்கத்தில் வந்தால் மருந்து சோப்பு வாசனை. பெண் பார்க்க வருகிறார்கள் என்றால் பூசிக்கொள்ள வீட்டில் ஒரு சொட்டு அத்தர் இல்லையா? ஊசிக்காரி என்று நான் பெயர் வைத்திருக்கிறேன். உன் மாமிக்கு அந்தப் பெயர் மிகவும் பிடித்துவிட்டது.

இனிதான் விஷயம். திரையில் ஆறு என்று இருந்தது. திடீரென்று எனக்கு அது இரண்டு ஆறாகத் தெரிந்தது. அந்த ஏசிக் குளிரில் என் கழுத்தெல்லாம் வேர்த்துக் கொட்டியது. கை நடுங்கியது. நான் யாரிடமும் காட்டிக்கொள்ளவில்லை. எதிரில் உட்கார்ந்திருந்த ஊசிக்காரி மட்டும் என் கையையே பார்த்தாள். எழுந்து சுற்றி வந்தாள். என் கழுத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் காதோரமாகக் கேட்டாள், உம்மா, ஊசி போட்டீங்களா, சஹருக்குச் சாப்பிட்டீங்களா என்று. நிச்சயமே ஆகவில்லை, அதற்குள் உம்மாவாம்!

நான் ஊசி போடுகிறேன் என்று அவளுக்கு யார் சொன்னது? நீ சொல்லியிருக்க முடியாது, உனக்கே தெரியாது. ஒன்றரை வருடமாகச் சர்க்கரைக்குப் போட்டுக்கொள்கிறேன். பயப்படாதே, சின்ன ஊசிதான். அன்றைக்கு விடியுமுன் சஹர் சாப்பாட்டுக்கு என்னை எழுப்ப மாமா வீட்டில் மறந்துவிட்டார்கள். முந்தின நாளும் மறந்துதான் போனார்கள். பாவம், கீழே அவர்களுக்கு ஆயிரம் வேலை, மாடியில் கிடப்பவளை எங்கே நினைவு வைத்துக்கொள்வது? நான் விழித்தபோது பாங்கு சொல்லி முடித்துவிட்டார்கள். ஊசியை மட்டும் போட்டுக்கொண்டு நோன்பு வைத்தேன். இதற்காக நீ மாமாவிடம் ஒரு வார்த்தை கேட்கக்கூடாது. என் மேல் ஆணை.

நோன்பை விட்டுடுங்க உம்மா, உடம்புக்கு முடியாதவங்களுக்குக் கட்டாயம் இல்ல, இப்பவே ஏதாச்சும் உள்ள போகணும் என்றாள். எனக்கே மார்க்கம் சொல்ல வந்துவிட்டாள். இருபத்தாறு வயதில் உன் வாப்பாவை அடக்கம் செய்துவிட்டு உன்னை வளர்த்தவள் நான், ஆறு நிமிடம் பொறுக்க மாட்டேனா? பல்லைக் கடித்துக்கொண்டேன். உன் மாமியும், ஆறு நிமிஷம்தானே, பொறுத்துக்கட்டும், எல்லாரும் பாக்கறாங்க என்றாள். அதன் பிறகு நாற்காலியிலிருந்து சரிந்துவிட்டேன் போல. தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். உன் மாமா மகள் அலறி எழுந்து ஓடிப்போய்ப் பழங்கள் வைத்திருந்த பக்கம் நின்றுகொண்டாளாம். பயந்த சுபாவம், மென்மையான மனசு.

எனக்கு நினைவு திரும்பியபோது தரையில் கிடந்தேன். தலை ஊசிக்காரியின் மடியில் இருந்தது. டீ வைக்கும் இடத்தில் இருந்த சர்க்கரைப் பொட்டலங்களை அள்ளிக்கொண்டு வந்து, பல்லால் கிழித்து, என் வாயில் கொட்டி, கன்னத்துக்குள் விரலை விட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். தேய்த்துத் தேய்த்து, விழுங்குங்க, விழுங்குங்க என்றாள். குழந்தைக்குச் சொல்வது போல. நானும் விழுங்கினேன். அவள் தோளுக்கு மேலே திரை தெரிந்தது. அதில் மூன்று என்று இருந்தது.

பாங்கு சொன்னார்கள். கூடம் முழுக்கப் பேரீச்சம்பழத்தை எடுத்து வாயில் வைத்தார்கள். எல்லோரும் நோன்பு திறந்தார்கள். திறப்பதற்கு எனக்கு மட்டும் நோன்பு இல்லை. நாற்காலியில் தூக்கி உட்கார வைத்திருந்தார்கள், வாயெல்லாம் சர்க்கரை. அழுகை வந்தது. அதை இங்கே எழுதாமலும் இருக்கலாம், இருந்தாலும் வந்தது.

இதுவரை நடந்ததைக்கூட மன்னித்திருப்பேன். அதன் பிறகு அந்தத் தையல்காரர் செய்ததுதான் காரியத்தைக் கெடுத்தது. அவரும் அழுதுகொண்டிருந்தார். அப்படியே மாமாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, கை நனைக்காம போயிடுவீங்களோன்னு பயந்துகிட்டே வந்தேங்க, அந்த அல்லாஹ் எம் பொண்ணு கையாலயே வாங்க வச்சுட்டான், இனி என்னங்க, நாம சம்பந்தி என்றார். சொன்னதோடு நிற்கவில்லை. ஓடிப்போய் இடுக்கியில் ஒரு இனிப்பை எடுத்துக்கொண்டு, சம்பந்தியம்மா என்று கூப்பிட்டபடி என்னை நோக்கி வந்தார்.

மாமா என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை. சும்மாதான் பார்த்தார். அந்தப் பார்வையின் கீழேதான் இருபத்திரண்டு வருடமாகச் சாப்பிடுகிறேன். எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்று சும்மாவா சொன்னார்கள்? தன் மகளுக்கு உன்னை எதிர்பார்த்துக் காத்திருக்கிறவர், அவர் முகம் கோணினால் நான் எந்தப் படியில் போய் நிற்பேன் என்று நீயே சொல்.

அதனால் சொன்னேன். நாலு மேஜைக்குக் கேட்கும்படி சொன்னேன். எம் மகனப் பிடிக்கறதுக்காக என் நோன்பக் கெடுத்தவ உங்க பொண்ணு, அல்லாஹ்வுக்காக ஆறு நிமிஷம் பொறுக்காதவ நாளைக்கு என் வீட்டுல எதப் பொறுக்கப் போறா என்றேன். ஜனங்கள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். குவளைத் தண்ணீரை எடுத்து, வாயில் மிச்சமிருந்த சர்க்கரையை எல்லோர் எதிரிலும் கொப்பளித்துத் துப்பினேன். துப்புவதற்குக் கிண்ணத்தை நீட்டிப் பிடித்தவளும் அவள்தான். அப்பன் பாதி வழியில் அந்த இனிப்போடு நின்றுவிட்டார். இடுக்கியை அப்போது சரியாகத்தான் பிடித்திருந்தார்.

அவள் அம்மா முக்காட்டால் முகத்தை மூடிக்கொண்டாள். ஊசிக்காரி அழவில்லை, சண்டைக்கும் வரவில்லை. கிண்ணத்தை மேஜை மேல் வைத்துவிட்டு, ஒரு நோன்பத் திரும்பப் பிடிச்சுக்கலாம் உம்மா என்றாள். அவ்வளவுதான். வாய்த்துடுக்கைப் பார்த்தாயா? அப்பனைக் கைப்பிடித்து அழைத்துக்கொண்டு போய்விட்டாள். அவர்கள் மூன்று பேரும் ஒரு வாய் தண்ணீரோடு நோன்பு திறந்தவர்கள்தான், எடுத்து வைத்த தட்டுகள் எடுத்தபடியே இருந்தன. உன் மாமா மகள் இரண்டு தடவை போய் எடுத்துவந்து நன்றாகச் சாப்பிட்டாள்.

அவள் கையால் விழுங்கினீர்களே, அது கை நனைத்தது ஆகாதா என்று நீ கேட்பாய். உன் குதர்க்கம் எனக்குத் தெரியாதா? அவர்கள் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டேனா? மனம் ஒப்பிச் சாப்பிட்டேனா? நினைவில்லாதவள் வாயில் கொட்டியதற்கெல்லாம் சம்மதம் என்று பெயர் கிடையாது. அது ஹோட்டல் சர்க்கரை, அவர்கள் வீட்டுச் சர்க்கரைகூட இல்லை. வேண்டாம் என்று மறுநாளே ஆளனுப்பி முறையாகவும் சொல்லியாகிவிட்டது. சொல்லப் போனவரை உட்கார வைத்து, சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார்களாம். அவ்வளவு ரோஷம் கெட்ட ஜனம்.

பெருநாள் கழித்து மூன்றாம் வாரம் உனக்கும் மாமா மகளுக்கும் நிக்காஹ் என்று பேசிவிட்டோம். லீவுக்கு எழுதிக் கொடு. மாடி அறையை உங்கள் இரண்டு பேருக்கும் என்று மாமா வெள்ளையடிக்கச் சொல்லிவிட்டார். நான் கீழே சாமான் வைக்கும் அறையில் இருந்துகொள்வேன். எனக்கு எதற்குக் காற்றும் வெளிச்சமும்? வரமாட்டேன் என்று மட்டும் சொல்லிவிடாதே. நீ வராவிட்டால் என்னை அந்த அறையில்கூட வைக்கமாட்டார்கள் என்று நினைக்கிறேன். நினைக்கத்தான் செய்கிறேன், யாரும் சொல்லவில்லை.

இன்னொன்று, மறைத்தேன் என்று பிறகு சொல்லக்கூடாது. வீட்டுக்கு வந்து கைப்பையைத் திறந்தால் உள்ளே நான்கு சர்க்கரைப் பொட்டலம். எப்போது வைத்தாள் என்று தெரியவில்லை. கூடவே காகிதத்தில், தலைமாட்டில் வையுங்கள், மகனிடம் சொல்லிவிடுங்கள் என்று இரண்டு வரி. காகிதத்தைக் கிழித்துப் போட்டேன். பொட்டலங்களைத் தூக்கிப் போட மனம் வரவில்லை, உணவுப் பொருள் அல்லவா. இந்த வாரமும் இரண்டு நாள் சஹருக்கு எழுப்ப மறந்துவிட்டார்கள். நான்கில் இப்போது ஒன்று மீதி இருக்கிறது.

அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும் கீழ்ப்படிகிற மனைவியையும் தரட்டும். அந்தப் பெண்ணையும் நான் சபிக்கவில்லை. அவளுக்கும் நல்ல இடமாக அமையட்டும். உன் கண்ணில் படாத தூரத்தில் அமையட்டும். ஆனால் இந்த நோன்பு மாதம் முடிகிற வரைக்குமாவது அவள் இந்த ஊரிலேயே இருக்கட்டும்.

பதில் போடு மகனே.

உன் வரவை எதிர்பார்க்கும்
உம்மா