கடைச்சுவரில் தலைகீழ் ஏரி

டிசம்பர் 3

அன்புள்ள கண்ணாடிக்கடைக்காரருக்கு,

நலம். இருமல் நின்றுவிட்டது, மருந்து அனுப்பவேண்டாம்.

ஒரு வருஷம் போய்வா என்று அனுப்பினீர்கள். இந்த மாதத்தோடு முடிகிறது. மாதம் ஒன்றாக உங்களுக்கு அனுப்பிய படங்கள்தான் கண்காட்சிக்குப் போகின்றன. பனியில் மறைந்த மலைப்பாதை, கோடையில் வெடித்துக் கிடந்த குளம், குஞ்சுக்கு ஊட்டுகிற மீன்கொத்தி. வரிசையாக வைத்துப் பார்த்தபோது, இதையெல்லாம் நானா எடுத்தேன் என்று எனக்கே கர்வமாக இருந்தது. கர்வப்பட்டால் என்ன, நடந்த கால் என்னுடையதுதானே.

ஒரு பத்திரிகை இன்னொரு வருஷம் எடுத்துத் தரச்சொல்கிறது. நாம் பேசியது ஒரு வருஷம்தான். நீங்கள் வா என்றால் வந்துவிடுவேன். மனசுக்குள் வைத்துக்கொள்ளாமல் சொல்லுங்கள்.

இன்னொன்று. நீங்கள் அனுப்பிய கடைப் படத்தைப் பார்த்தேன். என் படங்களில் செப்டம்பர் மாத ஏரியை மட்டும் சுவரில் தலைகீழாக மாட்டியிருக்கிறீர்கள். ஊருக்கெல்லாம் கண் பரிசோதிக்கிற மனுஷன் செய்கிற வேலையா இது? மானம் போகிறது, திருப்பி மாட்டுங்கள்.

உங்கள்
ஊர்சுற்றி


டிசம்பர் 10

அன்புள்ள ஊர்சுற்றிக்கு,

நேற்று உன் அம்மா கடைக்கு வந்தார். "மாப்பிள்ளை, அவளை எப்பத்தான் வரச்சொல்லப் போறீங்க?" என்றார். புதுக் கண்ணாடியை மாட்டிவிட்டு மீன்கொத்திப் படத்துக்கு முன்னால் நிறுத்தினேன். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு பக்கத்தில் காத்திருந்தவரிடம், "என் பொண்ணு எடுத்தது" என்றார். அவர் கேட்கவே இல்லை. கேட்காத இன்னும் இரண்டு பேரிடமும் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினார்.

எழுத்துப் பலகையைப் படிக்கச் சொன்னால் ஆட்கள் உன் படங்களைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். வேலை கெடுகிறது என்று அலுத்துக்கொள்கிறேன். பொய் அலுப்புதான்.

ஏரிக்கு வருகிறேன். தெரிந்தேதான் அப்படி மாட்டினேன். வருஷம் முழுக்க எதையெதையோ எடுத்தாய், உன்னை மட்டும் ஒரு படத்திலும் காணோம். செப்டம்பரில் மட்டும், அக்கரை நாணலுக்குப் பக்கத்தில், தண்ணீருக்குள் பிம்பமாக ஒருத்தி தலைகீழாக நிற்கிறாள். கையில் கிழிந்த பிளாஸ்டிக் பை. லென்ஸ் வைத்துப் பார்த்தேன். நீதான். என் பழைய கட்டம்போட்ட சட்டையைப் போட்டிருக்கிறாய். நீ நேராக நிற்கவேண்டும் என்று படத்தைத் திருப்பினேன். ஏரி எப்படி இருந்தால் எனக்கென்ன.

வீடு வெறிச்சென்று இருக்கிறது, மறைக்கவில்லை. அதற்காக வா என்று சொல்லமாட்டேன். இன்னொரு வருஷம் போ. கண்காட்சிக்குக் கடையைச் சாத்திவிட்டு வருகிறேன். என் மனைவி எடுத்தது என்று நாலு பேரிடம் நானும் சொல்லவேண்டாமா?

உன்
கண்ணாடிக்கடைக்காரன்


டிசம்பர் 18

அன்புள்ளவருக்கு,

படித்துவிட்டு அழுதேன், பிறகு சிரித்தேன்.

அன்றைக்குத் தானாகவே எடுக்கும்படி கேமராவை இக்கரையில் வைத்துவிட்டு, நாணலில் சிக்கிய பையை எடுக்க அக்கரைக்குப் போயிருந்தேன். கரை படத்துக்குள் வராததால் நானும் விழவில்லை என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். தண்ணீரில் என்னைக் கண்டுபிடிக்க உங்கள் கண் வேண்டியிருந்தது.

பத்திரிகைக்குச் சரியென்று எழுதிவிட்டேன். ஒவ்வொரு மாதமும் கடைசி வாரம் வீட்டில்தான் இருப்பேன் என்றும் எழுதினேன். ஒத்துக்கொண்டார்கள்.

கண்காட்சியில் ஏரியை நம் கடையில் இருப்பதுபோலவே மாட்டச் சொன்னேன். மாட்டுகிற ஆள், "தலைகீழா இருக்கே மேடம்" என்றார்.

"எங்க வீட்டுக்காரர் கண் பார்க்கிறவர். அவர் மாட்டினா சரியாத்தான் இருக்கும்" என்றேன்.

சீக்கிரம் வாருங்கள். வாசலில் நிற்பேன், நேராகவே.

உங்கள்
ஊர்சுற்றி