குதிரைக்காரர் சம்பளம்

ராஜபாளையம்
4.8.1938

அன்புள்ள அக்காவுக்கு,

ஸ்ரீவில்லிபுத்தூரில் துரைசானி வீட்டில் எனக்கு ஆயா வேலை சொல்லி வைத்திருப்பதாக நீ எழுதிய கடிதம் கிடைத்தது. முதலில் இங்கே நடந்த கூத்தைக் கேள்.

வக்கீல் வீட்டில் குதிரையைப் பார்த்துக்கொள்ளும் பீர் மைதீன் அண்ணனுக்கு மாதம் எட்டு ரூபாய். பக்கவாதத்தில் படுத்திருக்கும் பெரியவரைக் குளிப்பாட்டி, ஊட்டி, பீத்துணி அலசும் எனக்கு நாலு. ஏன் இப்படி என்று வக்கீலிடமே கேட்டுவிட்டேன்.

"குதிரை ஒதைக்கும் ஏட்டி. எங்கப்பா ஒதைக்கவா போறாவ?" என்று சிரித்தார்.

பெரியவர் கடித்து வைத்திருந்த கையை நீட்டிக் காட்டினேன்.

"வயசானவிய, அப்படித்தான் இருப்பாவ. நீ மக மாதிரில்லா?" என்றார்.

மகளுக்குச் சம்பளம் எதற்கு என்று அடுத்துக் கேட்பாரோ என்று பயந்து, அன்றே வேலையை விட்டு வந்துவிட்டேன்.

மூன்றாம் நாள் வக்கீலே எங்கள் தெருவுக்கு வந்தார். "ஒரு ரூவா கூட்டித் தாரேன். யார் ஊட்டுனாலும் அப்பா துப்புதாவ. வந்துரு."

எட்டு தந்தால்தான் வேலைக்கு வருவேன் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். பெரியவரைப் பார்த்துவிட்டு மட்டும் வரலாம் என்று போனேன். என்னைக் கண்டதும் அவர் என் சேலையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நானும் அழுது தொலைத்தேன். வக்கீல் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு அவர் எட்டைப் பற்றிப் பேசவே இல்லை.

துரைசானிக்கு வேறு ஆள் பார்த்துக் கொடு அக்கா. என்னைத் திட்டி எழுது. நன்றாகத் திட்டு.

உன் புத்திகெட்ட
தங்கச்சி