ஓபலின் துப்பாக்கி

மார்ச் 4, திங்கள்

முட்டை, மாவு, லோரீனின் கண் மருந்து. வரவுசெலவில் எழுதாத ஒன்றும் உண்டு. சபையில் என்னோடு பாடும் ஓபல் சகோதரி, இறந்துபோன தன் கணவரின் கைத்துப்பாக்கியை எனக்கு விற்கிறாள். கலிபோர்னியாவில் அதைச் சும்மா கைமாற்ற முடியாது. இருவருமாகத் துப்பாக்கிக் கடைக்காரர் மெர்ல் முன்னால் போய் நின்றோம். வாங்கி உள்ளே பூட்டிவிட்டார். பழசானாலும் பத்து நாள் கழித்துத்தான் தருவாராம்.

"உங்களுக்கு எதுக்கும்மா இது?" என்றார்.

பாம்புக்கு என்றேன். பொய் இல்லையே.

என் மகள் லோரீனின் இடது கண்ணைக் கெடுக்க, அவளோடு வாழ்ந்த ராய்ஸுக்கு ஒரு நிமிடம் போதுமாயிருந்தது. எனக்கு மட்டும் பத்து நாளா? அவன் மூன்று வருடம் உள்ளே இருந்துவிட்டு இப்போது பரோலில் ஊர் சுற்றுகிறான்.

மார்ச் 6

உபவாசம் தொடங்கினேன். கர்த்தாவே, என் கை நடுங்காமல் பார்த்துக்கொள்ளும். வேறென்ன கேட்க?

மார்ச் 10, ஞாயிறு

பாஸ்டர் மன்னிப்பைப் பற்றிப் பேசினார். ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் சபையில் ராய்ஸ், மனந்திரும்பிவிட்டதாகச் சாட்சி சொல்லி அழுதானாம். அழட்டும். அழ அவனுக்கு இரண்டு கண் இருக்கிறதே.

லோரீன் தட்டை என் பக்கம் தள்ளினாள். "யாருக்காகம்மா இந்த உபவாசம்?"

உனக்காகத்தான் என்றேன்.

"எனக்காகன்னா சாப்பிடு."

மார்ச் 14, வியாழன்

கடையில் எனக்கு முன்னால் ஒரு சின்னப்பெண் பழைய துப்பாக்கி ஒன்றை விலை பேசிக்கொண்டிருந்தாள். கழுத்தில் விரல் தடம், மஞ்சளாகி வருகிறது. பத்து நாள் என்று மெர்ல் சொன்னதும் சிரித்தாள்.

"அதுவரைக்கும் உயிரோட இருந்தா வந்து வாங்கிக்கிறேன்."

அவள் போன் அடித்தது. திரையில் ராய்ஸின் முகம்.

என் துப்பாக்கி மேசைமேல் தயார். கையெழுத்துப் போட்டால் போதும். கை நடுங்கவே இல்லை. நாளை வருகிறேன் என்று மெர்லிடம் சொல்லிவிட்டு அவளை என் வண்டியில் ஏற்றினேன். பெயர் டானா. வீட்டில் சூப் கொடுத்தேன். நானும் குடித்தேன்.

மார்ச் 15

தூக்கம் இல்லை. சுட்டால் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். அது அவனுக்குப் போதுமா? போதாது. எங்கள் வாசலை அவன் மிதிக்கக்கூடாது என்று கோர்ட் உத்தரவு இருக்கிறது. மிதித்தால் பரோல் போச்சு. டானாவைத் தேடி வருவான் — வரட்டும்.

மார்ச் 16, சனி

பெண்கள் இருவரையும் ஓபல் வீட்டுக்கு அனுப்பினேன். என் பெயரைச் சொல்லி, வெர்னா வீட்டில் இருக்கிறேன் என்று அவனுக்குப் போனில் சொல்லும்படி டானாவிடம் சொல்லியிருந்தேன். அவன் ட்ரக் தெருமுனையில் திரும்பியதுமே போலீசைக் கூப்பிட்டேன்.

கதவை உதைத்தான். "ஏ கிழவி, அவள வெளிய அனுப்பு."

"உதைடா ராய்ஸ், நல்லா உதை. பிஸ்கட் வேகிற வரைக்கும் எனக்கு வேற வேலை இல்ல."

கதவின் ஒரு பலகை பிளந்தது. அதற்குள் வந்துவிட்டார்கள். விலங்கு மாட்டும்வரை ஜன்னலை விட்டு நகரவில்லை. அதன்பிறகுதான் கை நடுங்கியது. கிண்ணம் நழுவி, பாழாப்போன மாவெல்லாம் தரையில்.

ஏப்ரல் 3, புதன்

முப்பது நாள்தான் கெடுவாம்; நான் போய் வாங்காததால் துப்பாக்கி ஓபலுக்கே திரும்புகிறது. அவளும் புதிதாக விண்ணப்பித்துப் பத்து நாள் காத்திருக்க வேண்டுமாம். போனில் ஒரே திட்டு.

"என் புருஷன் ஹாங்க்கோட துப்பாக்கிய எனக்கே குடுக்க பத்து நாளாம். எல்லாம் நீ செஞ்ச வேலைடி வெர்னா."

நல்லதுதான், பொறுமை வரும் என்றேன். இருவரும் சிரித்தோம்.

ராய்ஸின் பரோல் ரத்து. டானாவின் கழுத்துக்காகப் புது வழக்கு. அவள் சாட்சி சொல்லப் போகிறாள். முன்வரிசையில் நான் உட்காருவேன். மன்னித்தேனா? இல்லை. கர்த்தருக்கும் அது தெரியும்.

முட்டை இரண்டு டஜன். இப்போது மூன்று பேர் சாப்பிடுகிறோம்.