ராகாப் சொன்ன பொய்

என்னங்க,

ஊபிக் கிழங்கு அவிச்சு மூடி வச்சிருக்கேன். வெளிய போனா சாவிய கோழிக்கூண்டு மேல வச்சிருங்க. இதப் படிச்சதும் அடுப்புல போட்டுருங்க.

தினம் கிழங்கு குறையவும், உங்களுக்கு வேற பொம்பள சகவாசம்னு சந்தேகப்பட்டேன். அதான் மூணு நாளாப் பேசல. நேத்து உங்க பின்னாலயே வந்தேன். மூடிக் கிடக்கிற ரப்பர் ஸ்டோருக்குள்ள, ஜப்பான்காரன் புடிச்சுட்டுப் போன சயாம் ரயில் வேலையிலேருந்து தப்பிச்சு வந்தவன நீங்க ஒளிச்சு வச்சிருக்கிறதப் பாத்துட்டேன்.

வேவுகாரங்கள ஒளிச்சு வச்ச ராகாப் சொன்ன பொய் பாவமான்னு, ஞாயித்துக்கிழமை வேதம் வாசிக்கையில நீங்க ஏன் திரும்பத் திரும்பக் கேட்டீங்கன்னு இப்பத்தான் வெளங்குது.

காலையில கங்காணி வந்து, "ஒம் புருஷன் யாருக்குக் கிழங்கு கொண்டு போறான்?"னு கேட்டாரு. "பன்னிக்கு"ன்னு சொன்னேன். அவரு நம்பல. உங்களத்தான் நோட்டம் பாப்பாரு, அதனால இன்னிக்கு அந்தப் பக்கம் போகாதீங்க. துணி துவைக்கப் போற மாதிரி போய், அவன ஆத்துக்கு அந்தாண்ட விட்டுட்டு வாரேன்.

அருளம்மா

அந்த ஆளையும் நான் முழுசா நம்பல. வெட்டுக்கத்தி துணி மூட்டைக்குள்ள இருக்கு.

ராகாபுக்குப் புருஷன் இருந்ததா அந்த அதிகாரத்துல இல்ல. இருந்திருந்தா அவருகிட்ட மறைச்சிருக்க மாட்டா.